காய் பாக்குற கண்ணோட காயின் பாருங்க

"அண்ணே, நல்ல கிரிப்டோ காயினா ஒண்ணு சொல்லுங்கண்ணே, ஒரு பத்தாயிரம் போட்டு விடுறேன்." கம்பமெட்டு ஏறுற ஜீப்புலயும் குமுளி பஸ் ஸ்டாண்டுலயும் இந்த கேள்வியை எத்தனை பேரு கேட்டாங்கன்னு கணக்கே இல்ல. கேக்குறவங்க யாருன்னா ஏலத்தோட்டத்துல மேஸ்திரியா இருக்குற தம்பி, ஸ்டோர்ல ஏலக்காய் காய வைக்கிற பையன், போடியில கடை வச்சிருக்குற அண்ணன், காலேஜ் முடிச்சுட்டு வண்டன்மேடு பக்கம் கணக்கு எழுதுற தங்கச்சி. நான் யாருக்கும் காயின் பேரு சொல்றதில்ல. எப்படி பாக்கணும்னு சொல்லித் தரேன், அதுக்கு மூணு மாசம் ஆகும், காசு அதுக்கப்புறம் போடுங்கன்னு சொல்லுவேன். பாதிப்பேரு அதோட போயிருவாங்க. மிச்சம் இருக்குறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

நம்ம ஊருக்காரங்களுக்கு இது வரவே வராத வித்தையும் இல்ல. புத்தடியிலயும் போடியிலயும் ஸ்பைசஸ் போர்டு ஏலக்காய் ஏலம் நடக்குறப்போ சாம்பிள் பாக்காம எந்த வியாபாரியும் விலை கேக்க மாட்டாரு, காயை உள்ளங்கையில போட்டு நிறம் பாப்பாரு, எட்டு எம்எம் சல்லடையில நிக்குமா பாப்பாரு, உடைச்சு உள்ள இருக்குற அரிசி, அதாவது விதை, கருப்பா இருக்கா பாப்பாரு, ஒரு லிட்டர் காய் எவ்வளவு எடைன்னு லிட்டர் வெயிட் கேப்பாரு. அதே மனுஷன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்ல யாரோ அனுப்புன லிங்க்க தொட்டு ஒரு லட்சம் போட்டுர்றாரு. எங்க மச்சானும் அப்படித்தான் போட்டாரு. 2021ல குமுளியில ஒரு ஹோட்டல்ல மீட்டிங் வச்சு பிரியாணி போட்டு, டெய்லி ஒரு பர்சன்ட் வரும்னு சொன்னாங்க, அக்கா நகையை அடகு வச்சு 1,80,000 ரூபா போட்டாரு, நாலு மாசம் ஆப்ல நம்பர் ஏறிக்கிட்டே போச்சு, அஞ்சாவது மாசம் ஆப்பே திறக்கல. அன்னைக்கு நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். எனக்கும் ஒண்ணும் தெரியாததால தடுக்கல, அந்த வருத்தத்துலதான் நான் உக்காந்து படிக்கவே ஆரம்பிச்சேன்.

முதல் மாசம்: ஒரு ரூபா கூட போடாதீங்க

மொதல்ல புரிஞ்சுக்க வேண்டியது பிளாக்செயின். தோட்டத்துல கணக்குப்பிள்ளை ஒரு நோட்டு வச்சிருப்பாரு, யாருக்கு எத்தனை நாள் வேலை, எவ்வளவு அட்வான்ஸ்னு எல்லாம் அதுல இருக்கும். அவரு ஒரு வரியை மாத்திட்டா நம்மகிட்ட ஆதாரம் கிடையாது. இப்ப அதே நோட்டு ஆயிரக்கணக்கான பேருகிட்ட ஒரே மாதிரி காப்பி இருக்கு, புதுசா ஒரு வரி எழுதணும்னா எல்லாரும் சரிபாத்து ஒத்துக்கணும், பழைய வரியை யாராலும் அழிக்க முடியாதுன்னு வச்சுக்கோங்க, அதுதான். யாரு அடுத்த பக்கம் எழுதுறதுன்னு முடிவு பண்றதுக்கு பிட்காயின்ல கம்ப்யூட்டர்கள் கரண்ட்டை செலவு பண்ணி ஒரு கணக்கை போடுது, எத்தீரியம்ங்குற இன்னொரு பிளாக்செயின்ல அதுக்குப் பதிலா காயினை ஈடா வச்சவங்க எழுதுறாங்க, 2022 செப்டம்பர் 15ல எத்தீரியம் அந்த முறைக்கு மாறுச்சு.

பிட்காயின் பத்தி சடோஷி நகமோட்டோங்குற பேருல 2008 அக்டோபர் 31ல வந்த அறிக்கை வெறும் 9 பக்கம்தான். நெட்டுல இலவசமா கிடைக்குது, போன்லயே மொழிபெயர்ப்பு போட்டு ஒரு நாளைக்கு ஒரு பக்கம்னு படிங்க, பாதி புரியலன்னாலும் பரவாயில்ல. 2009 ஜனவரி 3ல முதல் பிளாக் உருவாச்சு. மொத்தமா 2 கோடியே 10 லட்சம் காயினுக்கு மேல வராது. ஒவ்வொரு 2,10,000 பிளாக்குக்கும், அதாவது கிட்டத்தட்ட நாலு வருஷத்துக்கு ஒருக்கா, புதுசா வர்ற காயின் பாதியா குறையும். ஆரம்பத்துல பிளாக்குக்கு 50 காயின் வந்துச்சு, 2024 ஏப்ரல்ல இருந்து 3.125 தான். இன்னொண்ணு, முழு பிட்காயின் வாங்கணும்னு அவசியமே இல்ல, ஒரு காயினை பத்து கோடி துண்டா பிரிக்கலாம், ஒரு துண்டுக்கு சடோஷின்னு பேரு. "ஒண்ணு வாங்கவே பல லட்சம் வேணுமே, அதனால விலை கம்மியான காயினா பாக்குறேன்"னு நிறைய பேரு தப்பான இடத்துக்கு போறது இது தெரியாமத்தான்.

எத்தீரியம் 2015 ஜூலை 30ல ஓட ஆரம்பிச்சுது. அதுல நோட்டுல கணக்கு மட்டுமில்ல, "இது நடந்தா இதை குடு"ன்னு நிபந்தனையையும் எழுதி வைக்கலாம், அதை ஸ்மார்ட் கான்ட்ராக்ட்னு சொல்றாங்க. இதனால என்ன ஆச்சுன்னா சொந்தமா பிளாக்செயின் கட்டாமலே எத்தீரியம் மேலயோ வேற செயின் மேலயோ யாரு வேணும்னாலும் புது டோக்கன், அதாவது புதுசா ஒரு காயின், போடலாம். பத்து நிமிஷம் போதும், செலவும் பெருசா இல்ல. இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா உங்ககிட்ட வந்து பேசுறவங்கள்ல நிறைய பேரு "எங்க காயின் வந்துருச்சு, பிளாக்செயின்ல இருக்கு, பாருங்க"ன்னு அதையே பெரிய சாதனையா காட்டுவாய்ங்க. காயின் இருக்குறது ஒரு தகுதியே கிடையாது.

ரெண்டாவது மாசம்: பொய் காசுல கை பழகுங்க

காயினை வச்சுக்கவும் அனுப்பவும் உதவுற வாலெட் ஆப், பேரு தெரிஞ்சதா ஒண்ணு போடுங்க, மெட்டாமாஸ்க் மாதிரி. ஆப் ஸ்டோர்ல தேடி வர்ற மொத ஆப்பை போட்டுராதீங்க, அதே படம் அதே பேருல போலி நிறைய இருக்கு, அந்த வாலெட்டோட சொந்த சைட்டுக்கு போய் அங்கிருந்து லிங்க் புடிங்க. போட்டவுடனே 12 இங்கிலீஷ் வார்த்தை குடுக்கும், சிலதுல 24. அதுதான் சாவி. போன் தொலைஞ்சாலும் அந்த வார்த்தை இருந்தா காசு இருக்கு, அந்த வார்த்தை இன்னொருத்தன் கைக்கு போனா போன் உங்க கையில இருந்தாலும் காசு இல்ல. பேப்பர்ல எழுதுங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீங்க, வாட்ஸ்அப்ல உங்களுக்கே அனுப்பிக்காதீங்க. மலைப்பக்கம் இருக்குறவங்க ரெண்டு பேப்பரா எழுதி பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெவ்வேற வீட்டுல வைங்க, மழைக்காலத்து ஈரத்துல பீரோவுக்குள்ள இருக்குற பத்திரமே பூத்துப்போற ஊரு நம்மது. கம்பெனி, கஸ்டமர் கேர், அட்மின் யாருக்குமே அந்த வார்த்தை தேவைப்படாது, கேட்டாலே திருடன்.

இப்ப பழகுறதுக்கு செப்போலியான்னு ஒரு டெஸ்ட் நெட்வொர்க் இருக்கு, எத்தீரியத்தோட ஒத்திகை மேடை மாதிரி. ஈத்தர்ங்குறது எத்தீரியத்தோட காயின், இந்த ஒத்திகை மேடையில இருக்குற ஈத்தருக்கு மதிப்பு கிடையாது, ஃபாசெட்னு சொல்ற சைட்டுகள்ல இலவசமா தருவாங்க. யாராவது செப்போலியா ஈத்தரை காசுக்கு வித்தா வாங்காதீங்க. அதை வச்சு ரெண்டாவது வாலெட் ஒண்ணு உருவாக்கி ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு அனுப்பிப் பாருங்க, கட்டணம் எவ்வளவு புடிச்சுது பாருங்க, அப்புறம் எத்தீரியம் நோட்டை திறந்து காட்டுற ஈத்தர்ஸ்கேன் சைட்டுல செப்போலியா பக்கத்துக்கு போய் உங்க முகவரியை போட்டு தேடுங்க. நீங்க அனுப்புனது அங்க நிக்கும், நேரம், தொகை, யாருக்கு எல்லாமே. நோட்டு எல்லாருக்கும் திறந்து கிடக்குதுன்னு நான் மேல சொன்னது அப்பத்தான் உறைக்கும். வாலெட்டை அழிச்சுட்டு அந்த 12 வார்த்தையை வச்சு திரும்ப எடுக்கவும் பழகுங்க. எங்க மச்சான் இதை மூணு தடவை செஞ்ச பிறகுதான் நிம்மதியானாரு.

மூணாவது மாசம்: ஒரு ப்ராஜெக்ட்டை உடைச்சுப் பாக்குறது

இதுதான் பெரிய வேலை. நான் ஒரு நோட்டு போட்டு ஒரு காயினுக்கு ரெண்டு பக்கம்னு எழுதுவேன், ஒரு பக்கம் அவங்க சொல்றது, எதிர்ப்பக்கம் நானா பாத்து உறுதி பண்ணது. எதிர்ப்பக்கம் காலியா இருந்தா அதை விட்டுர்றது.

மொத கேள்வி, இது எதுக்கு? ஒருத்தரு இதை விலை ஏறும்னு நினைக்காம, உபயோகத்துக்காக காசு குடுத்து வாங்குவாரா? அப்படி ஒரு ஆளு இருந்தா அவரு குடுக்குற கட்டணம் எங்கயாவது தெரியணும். டிஃபைலாமாங்குற சைட்டுல எந்த செயின்ல, எந்த ஆப்ல ஒரு நாளைக்கு எவ்வளவு கட்டணம் வசூலாகுதுன்னு பாக்கலாம். ஆயிரக்கணக்கான கோடி மதிப்புன்னு சொல்லிட்டு நாளுக்கு சில நூறு ரூபா கட்டணம் கூட வரலன்னா அங்க வீடு கட்டியிருக்கு, குடியிருக்க ஆள் இல்ல.

அடுத்தது யாரு? டீம் போட்டோவை கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாருங்க, வேற எங்கயோ இருக்குற மாடல் படமா வந்தா அங்கயே முடிஞ்சது. வைட்பேப்பர்னு அவங்க போடுற விளக்க அறிக்கையில நடுவுல இருந்து ரெண்டு வரியை அப்படியே எடுத்து தேடுங்க, வேற காயினோட வைட்பேப்பர்ல அதே வரி வந்தா அதுவும் முடிஞ்சது. பெரிய கம்பெனியோட கூட்டுன்னு சொன்னா அந்த பெரிய கம்பெனியோட சைட்டுல அதை போட்டிருக்காங்களான்னு பாருங்க. கோடு ஆடிட் ஆயிருக்குன்னு, அதாவது வெளியாளு அதை சரிபாத்தாச்சுன்னு, முத்திரை போட்டிருந்தா ஆடிட் பண்ணவங்களோட சைட்டுக்கு போய் அறிக்கையை திறந்து அதுல கண்டுபிடிச்ச குறையை சரி பண்ணாங்களான்னு படிங்க. புரோகிராம் கோடு கிட்ஹப்னு எல்லாரும் பாக்குற சைட்டுல இருந்தா கடைசியா எப்ப கை வச்சாங்கன்னு தேதி தெரியும், கோடு புரியணும்னு அவசியமில்ல, தேதி போதும்.

பிறகு எண்ணிக்கை. நம்மாளுங்க அதிகம் ஏமாறுற இடம் இதுன்னு நான் நினைக்கிறேன். விலை 1 பைசாவுக்கும் கீழ இருக்கு, 1 ரூபா ஆனாலே கோடீஸ்வரன்னு சொல்லுவாய்ங்க. ஷிபா இனு காயினை எடுத்துக்கோங்க, புழக்கத்துல சுமார் 589 லட்சம் கோடி டோக்கன் இருக்கு. ஒண்ணு 1 ரூபான்னா மொத்த மதிப்பு 589 லட்சம் கோடி ரூபா. 2024-25ல இந்தியா முழுக்க ஒரு வருஷம் உழைச்ச மொத்த உற்பத்தியே சுமார் 330 லட்சம் கோடிதான். அப்ப 1 ரூபாங்குறது என்ன பேச்சுன்னு நீங்களே யோசிங்க. விலையை பாக்காதீங்க, விலையை புழக்கத்துல இருக்குற எண்ணிக்கையால பெருக்கி வர்ற மார்க்கெட் கேப்பை பாருங்க, காயின்கெக்கோவுலயும் காயின்மார்க்கெட்கேப்லயும் அது இருக்கும்.

அதுக்குப் பக்கத்துலயே முழுசா வெளிவந்தா எவ்வளவு மதிப்புன்னு இன்னொரு நம்பர் இருக்கும். ஒரு காயின் 1 ரூபா, இப்ப வெளிய 500 கோடி இருக்கு, மொத்தம் 5,000 கோடின்னா இன்னும் 4,500 கோடி பொட்டிக்குள்ள இருக்கு. அது யாரு பேருல இருக்கு, எந்த தேதியில திறக்குதுன்னு ஒரு அட்டவணை போட்டிருப்பாங்க, பெரும்பாலும் டீமுக்கும் மொத முதலீட்டாளருக்கும் போகும், அவங்க நம்மள விட ரொம்ப கம்மி விலைக்கு வாங்கினவங்க. சீசன்ல வரத்து ஜாஸ்தியானா காய் விலை என்ன ஆகும்னு நம்ம ஊருல குழந்தைக்கும் தெரியும். 2019 ஆகஸ்ட்ல ஏலத்துல ஒரு லாட் கிலோ 7,000 ரூபா வரைக்கும் போச்சு, அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல 1,000த்துக்கு கீழ வந்ததையும் பாத்தோம். காயினுக்கும் வரத்துன்னு ஒண்ணு இருக்கு, பொட்டி திறக்குற தேதியை நோட்டுல எழுதி வைங்க.

இப்ப ஈத்தர்ஸ்கேன்லயோ, பினான்ஸ் செயின்னா பிஎஸ்சிஸ்கேன்லயோ டோக்கனோட கான்ட்ராக்ட் முகவரியை போட்டு ஹோல்டர்ஸ், அதாவது யாரு யாரு வச்சிருக்காங்கன்னு காட்டுற பகுதியை திறங்க. மொத பத்து வாலெட்ல எத்தனை சதவீதம் இருக்குன்னு பாருங்க. அதுல எக்ஸ்சேஞ்ச், அதாவது காயின் வாங்கி விக்கிற சந்தை கம்பெனி, அதோட வாலெட்டா இருந்தா பேரு போட்டிருக்கும், அது பல பேரோட காசு, பரவாயில்ல. பேரில்லாத நாலு வாலெட்ல முக்கால்வாசி இருந்தா அந்த நாலு பேரு நினைச்ச அன்னைக்கு விலை கீழ போகும். லிக்விடிட்டி, அதாவது விக்கிறதுக்கு எதிர்ல நிக்கிற பணம், எவ்வளவு இருக்கு, அதை உருவாக்குனவங்க எடுத்துட்டு போக முடியாதபடி பூட்டியிருக்கா, எதுவரைக்கும் பூட்டியிருக்குன்னும் பாக்கணும். சில கான்ட்ராக்ட்ல வாங்க மட்டும்தான் முடியும், விக்க விடாது. 2021 நவம்பர்ல பிரபலமான ஒரு வெப்சீரிஸ் பேருல வந்த டோக்கன் 2,800 டாலருக்கு மேல ஏறுச்சு, வாங்குனவங்களால விக்க முடியல, உருவாக்குனவங்க பணத்தை உருவிட்டு போனாங்க, சில நிமிஷத்துல பூஜ்யத்துக்கு பக்கம் வந்துருச்சு. யாராவது சாதாரண ஆளு வித்திருக்காங்களான்னு விக்கிற பட்டியலை பாருங்க, எல்லாமே வாங்குறதா மட்டும் இருந்தா கை வைக்காதீங்க.

கடைசியா, வட்டி. மாசத்துக்கு இவ்வளவு, தினமும் இவ்வளவுன்னு யாரு சொன்னாலும் ஒரே கேள்வி கேளுங்க, அந்த காசு யாரு பாக்கெட்ல இருந்து வருது? ஈமு கோழி காலத்துலயும் தேக்குமர காலத்துலயும் இதை கேட்டிருந்தா நம்ம ஜில்லாவுல எத்தனையோ காணி நிலம் தப்பிச்சிருக்கும். பிட்கனெக்ட் நாளுக்கு ஒரு பர்சன்ட்னு ஆசை காட்டிட்டு 2018 ஜனவரில கடையை மூடுச்சு. ஒன்காயின்ல பல நூறு கோடி டாலர் போட்டாங்க, அதுக்கு உண்மையான பிளாக்செயினே இல்ல, அதை ஆரம்பிச்ச ருஜா இக்னடோவா 2017 அக்டோபர்ல இருந்து ஆளையே காணோம். டெர்ராங்குற ப்ராஜெக்ட்டோட ஸ்டேபிள்காயினுக்கு, அதாவது எப்பவும் ஒரு டாலர்லயே நிக்கும்னு சொன்ன காயினுக்கு, கிட்டத்தட்ட 20 பர்சன்ட் வட்டி குடுத்தாங்க, அது மோசடி மீட்டிங்ல வந்த சரக்கு இல்ல, உலகம் பூரா பெரிய பெரிய ஆளுங்க நம்புனது, 2022 மே மாசம் ஒரே வாரத்துல படுத்துருச்சு. அதனால பெரியாளு போட்டிருக்காருங்குறது ஒரு காரணமாவே எடுக்காதீங்க.

வாங்கணும்னு முடிவு பண்ணா

இந்தியாவுல கிரிப்டோ தடை இல்ல, அதே நேரத்துல அது சட்டப்பூர்வ பணமும் இல்ல. ரிசர்வ் பேங்க் 2018 ஏப்ரல்ல பேங்குகளை கிரிப்டோ பக்கம் போகாதீங்கன்னு சுற்றறிக்கை விட்டுச்சு, சுப்ரீம் கோர்ட் 2020 மார்ச் 4ல அதை ரத்து பண்ணுச்சு. 2023 மார்ச்ல இருந்து எக்ஸ்சேஞ்ச் எல்லாம் பணமோசடி தடுப்பு சட்டத்துக்குள்ள வருது, எஃப்ஐயூ-இந்தியாங்குற மத்திய அரசோட நிதி உளவுப் பிரிவுகிட்ட பதிவு பண்ணியிருக்கணும். நீங்க பாக்குற எக்ஸ்சேஞ்ச் பதிவு பண்ணதான்னு பாத்துட்டு பான், ஆதார் குடுத்து சேருங்க. மூணாம் மனுஷன் பேருல, பக்கத்து வீட்டு பையன் அக்கவுண்ட்லன்னு போகாதீங்க.

பதிவு பண்ண இடத்துலயும் காசை போட்டுட்டு தூங்கிர முடியாது. 2024 ஜூலை 18ல வாசிர்எக்ஸ்ல சுமார் 23 கோடி டாலர் ஹேக் ஆச்சு, ஜனங்க ஒரு வருஷத்துக்கும் மேல காயினை எடுக்க முடியாம கிடந்தாங்க. 2022 நவம்பர் 11ல எஃப்டிஎக்ஸ் திவால் ஆச்சு, அது உலகத்துலயே பெரிய எக்ஸ்சேஞ்சுகள்ல ஒண்ணா இருந்தது. அதனால காசு போடுறதுக்கு முன்னாடியே எடுக்க முடியுதான்னு பாருங்க. 500 ரூபா போடுங்க, வாங்குங்க, வித்து பேங்குக்கு எடுங்க, அடுத்து கொஞ்சத்தை உங்க சொந்த வாலெட்டுக்கு அனுப்பிப் பாருங்க, சில எக்ஸ்சேஞ்ச் அதை விடவே விடாது, அப்ப நீங்க வாங்குனது காயினே இல்ல, அவங்க ஆப்ல ஒரு நம்பர். அனுப்புறப்போ நெட்வொர்க் ரெண்டு பக்கமும் ஒண்ணான்னு பாருங்க, டாலர் விலையை ஒட்டி நிக்கிற யூஎஸ்டிடி காயின் எத்தீரியத்துலயும் இருக்கு ட்ரான்ங்குற வேற செயின்லயும் இருக்கு, மாத்தி அனுப்புனா திரும்ப வராம போகலாம். முகவரியில முன்னாடி நாலு எழுத்து பின்னாடி நாலு எழுத்து மட்டும் பாத்துட்டு விடாதீங்க, அதே மாதிரி தெரியுற முகவரியை உருவாக்கி உங்க பழைய பட்டியல்ல நுழைக்கிற திருட்டு இருக்கு.

நம்ம கேரளா எல்லைப்பக்கம் இன்னொரு பழக்கம் பரவுது, யூஎஸ்டிடியை நேரடியா ஆள்கிட்ட வித்து யூபிஐல காசு வாங்குறது, ரெண்டு ரூபா கூட கிடைக்கும்னு. அனுப்புறவன் காசு எங்கயாவது மோசடியில வந்த காசா இருந்தா உங்க பேங்க் அக்கவுண்ட்டை முடக்கிருவாங்க, புகார் குடுத்தவரு ராஜஸ்தான்லயோ குஜராத்லயோ இருப்பாரு, நீங்க கம்பத்துல உக்காந்து அதை திறக்க அலையணும். வேண்டாம்.

வரியை ஆரம்பத்துலயே தெரிஞ்சுக்கோங்க. 2022 ஏப்ரல் 1ல இருந்து லாபத்துக்கு 30 சதவீதம், அந்த வரித்தொகை மேல 4 சதவீதம் செஸ். வேற வருமானமே இல்லன்னாலும் இது உண்டு. விக்கிறப்போ 1 சதவீதம் டிடிஎஸ் புடிப்பாங்க, அது வருமான வரி சைட்டுல உங்க கணக்குல தெரியும், ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். கசப்பான விஷயம் என்னன்னா ஒண்ணுல வந்த நஷ்டத்தை இன்னொண்ணோட லாபத்துல கழிக்க முடியாது. ஒரு காயின்ல 6,000 லாபம், இன்னொண்ணுல 6,000 நஷ்டம்னா உங்க கையில ஒண்ணும் மிச்சமில்ல, ஆனா 1,872 ரூபா வரி கட்டணும். அடிக்கடி வாங்கி வாங்கி விக்கிறவங்களுக்கு இது எப்படி கடிக்கும்னு ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. ஒரு காயினை குடுத்து இன்னொரு காயின் வாங்குறதும் வித்த கணக்குதான்.

எவ்வளவு போடலாம்னு கேட்டா, சீட்டு கட்டுற காசு, பிள்ளை ஃபீஸ், நகைக்கடன், தோட்டத்துக்கு உரம் வாங்க வச்சது எதையும் தொடாதீங்க. மொத்தமா போனாலும் வீட்டுல அடுப்பு எரியுற தொகை எதுவோ அது. முழுசா போறது இங்க அபூர்வமே இல்ல.

ஏற்கனவே மாட்டிக்கிட்டவங்களுக்கு

இதை படிக்கிறவங்கள்ல சில பேரு ஏற்கனவே போட்டிருப்பீங்க, ஆப்ல காசு தெரியுது எடுக்க விடலன்னு இருப்பீங்க. "வரி 20 சதவீதம் கட்டுனா ரிலீஸ் பண்ணுவோம்"னு கேட்டா கட்டாதீங்க, இந்தியாவுல கிரிப்டோ வரியை வாங்குறது வருமான வரித்துறை, அந்த ஆப் அட்மின் இல்ல. பணத்தை மீட்டு தரேன்னு வர்றவனும் அதே கூட்டம்தான். சாட் மெசேஜையும் வாலெட் முகவரியையும் பரிவர்த்தனை எண்ணையும் பேங்க் ரசீதையும் எடுத்து வைங்க, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரம் பண்றீங்களோ அவ்வளவு தூரம் பணம் போற வழியில நிப்பாட்ட வாய்ப்பு இருக்கு.

எங்க மச்சான் விஷயத்துல மீட்டிங் நடந்தது கேரளாவுல, பணம் போனது தமிழ்நாட்டு பேங்க்ல இருந்து. மலைக்கு மேல கேரளா ஸ்டேஷனுக்கு போனா கீழ போங்கன்னாங்க, கீழ தமிழ்நாட்டு ஸ்டேஷனுக்கு வந்தா மேல போங்கன்னாங்க, ரெண்டு வாரம் அதுலயே போச்சு. இப்ப சட்டம் மாறியிருக்கு, 2024 ஜூலை 1ல நடைமுறைக்கு வந்த பிஎன்எஸ்எஸ்ங்குற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 173வது பிரிவுல குற்றம் எந்த எல்லையில நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் தகவல் குடுக்கலாம், அவங்க பதிவு பண்ணணும். எல்லைன்னு சொல்லி திருப்பி அனுப்புனா அந்த பிரிவு நம்பரை சொல்லுங்க. மச்சான் குடுத்த புகாரோட ரசீது அக்கா வீட்டு சாமி அலமாரியில இன்னமும் இருக்கு, அடகு வச்ச நகையை போன சித்திரையிலதான் திருப்புனாங்க, ஏலக்காய் காசுல.